சயானில் கொதித்த டாக்ஸி

1986 மே மாதம். காலை ஒன்பது மணிக்குத் தாதரில் ரயிலை விட்டு இறங்கினேன். செம்பூர் ஆஸ்பத்திரியில் என் தங்கை செல்விக்குப் பதினொரு மணிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். அதற்கு முன் என்னைப் பார்க்க வேண்டும் என்று தந்தி கொடுத்திருந்தாள். பாளையங்கோட்டையில் துணிக்கடையில் வேலை பார்க்கும் எனக்குப் பம்பாய் அதுவே முதல் தடவை.

செம்பூருக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும் என்றார் டாக்ஸிக்காரர் காதர். எங்கள் ஊருக்கு அடுத்த மேலப்பாளையத்துக்காரர், தாராவியில் குடியிருக்கிறார். மாட்டுங்காவின் பூக்கடைகளைத் தாண்டிச் சயானை நெருங்கும்போது, சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. முன்பக்கம் ஆவி சீறியது. வண்டியை ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினார். அவசரத்தில் நான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதிய அண்ணாச்சி. தண்ணி உள்ள அழுத்தத்துல நிக்கு. தொறந்தா மூஞ்சில அடிச்சிரும்."

ஆறும்வரை காத்திருந்தோம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதைப் பார்த்தோ என்னவோ, பேச்சுக் கொடுத்தார்.

"இன்ஜினுக்குள்ள எரியுதுல்லா, அந்தச் சூட்டத் தண்ணி வாங்கிக்கிட்டு ரேடியேட்டருக்கு வரும். பொடிப்பொடிக் குழாய்ல இறங்கையில காத்து பட்டு ஆறும். பம்பு திரும்ப உள்ள தள்ளும். வண்டி ஓடுற வரைக்கும் இதே சுத்துதான். இப்ப மேல்குழாய் கீறிட்டு, தண்ணி பாதிக்கு மேல போயிட்டு."

ஒரே தண்ணீர் ஓயாமல் சுற்றிச் சுற்றி வந்து நெருப்பைத் தாங்குகிறது என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

டிக்கியில் கிடந்த பழைய சைக்கிள் டியூபைக் கீறி, வெடித்திருந்த ரப்பர் மேல்குழாயில் இறுக்கிச் சுற்றிக் கம்பியால் கட்டினார். இனித் தண்ணீர் வேண்டும். எதிரே தாராவிச் சந்தின் முனையில் குழாயடி; நீண்ட வரிசை. நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம் காதர் விஷயத்தைச் சொன்னார்.

"கொண்டு போங்க. கொடத்த மட்டும் திருப்பித் தாங்க" என்றாள்.

இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். "சூட்டுல மடமடன்னு ஊத்துனா இன்ஜின் கீறிரும்." மூடியையும் முழுக்க இறுக்கவில்லை, அழுத்தம் ஏறினால் கட்டு தெறித்துவிடுமாம். வெறுங்குடத்தை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்று காதர் வண்டியில் போகும்போதுதான் சொன்னார்.

மெதுவாகவே ஓட்டினார். முள் நடுவிலேயே நின்றது. நான் வெளியே எதையும் பார்க்கவில்லை, அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குள் ஓடியபோது செல்வியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டியாண்ணே" என்றவள், ஆபரேஷன் அறை வாசல்வரை என் கையை விடவில்லை.

சாயங்காலம் வெளியே வந்தால் வாசலில் காதர். புதுக் குழாய் மாட்டிவிட்டு அந்தப் பக்கமாக வந்தாராம்.

"தங்கச்சிக்கு எப்படி இருக்கு?"

"கண்ணு முழிச்சிட்டா. நல்லாருக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதற்குள் யாரோ சவாரிக்குக் கூப்பிட, கிளம்பிவிட்டார்.

செல்வி எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஊர் திரும்பினேன். எங்கள் பக்கம் யாரிடமாவது உதவி கேட்டால், யார் மகன், எந்தத் தெரு என்று விசாரித்து முடித்த பிறகுதான் கை நீளும். பம்பாயில் எனக்கு உதவிய அந்த இருவருக்கும் என் பெயர் இன்றுவரை தெரியாது.