முதுகு வைத்த நேர்த்தி

பனிக்காலத்தில் ஒருநாள், நீளக் கோட்டுப் போட்ட ஒரு வயதான பிரெஞ்சுக்காரர் சிவப்புத் திரை தொங்கிய வாசலுக்கு வந்தார். திரையை விலக்கக் கையை நீட்டினார். பிறகு தொப்பியைச் சரி செய்வதுபோல் கையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தார், மறுபடியும் தொப்பியைத் தொட்டார். வாசலோரம் காவலுக்கு இருந்த பேரின்பநாதன் எழும்பி, தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு இருந்துகொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். கிழவர் உள்ளே போய், எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்த்து, வெளியே வந்து படியிறங்கும்வரை அந்தக் கண்ணாடி துடைபட்டுக்கொண்டே இருந்தது.

துப்புரவு வேலை செய்யும் சிசிலி வாளியோடு நின்று இதைக் கண்டாள்.

"என்ன அண்ணை, சுவரிலை படமே ஓடுது?"

"பாவம் தங்கச்சி, மனுசன் கூச்சப்படுது. டிக்கெற் எடுத்தல்லோ வந்தது."

பேரின்பநாதன் இப்போது இல்லை. போன மாசியில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், தன் வீட்டுக் கட்டிலில், நித்திரையிலேயே போய்விட்டார். சுன்னாகத்திலிருந்து கியூபெக் மாகாணத்துக்கு அகதியாக வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, இடுப்பில் நாரி வலி வந்த பிறகு காவல் வேலைக்கு மாறிய மனிதர். சீருடைத் தொப்பிக்குக் கீழே திருநீற்றுக் குறி எப்போதும் இருக்கும்.

அவரும் சிசிலியும் வேலை செய்தது ஒரு சின்ன மியூசியம். பழைய வங்கி ஒன்றின் கட்டடம். அந்த வருடம் அங்கே சிவப்புத் திரைக்குப் பின்னால் நடந்த கண்காட்சி, ஐரோப்பாவில் சவுக்கடியையும் பிரம்படியையும் ஆசையோடு சேர்த்து வரைந்த படங்களைப் பற்றியது. மற்றக் காவலர்கள் அந்தப் பக்கம் வேண்டாம் என்றார்கள். பேரின்பநாதன் ஓம் என்றார். அந்தப் பக்கத்தில்தான் ஹீற்றர் ஒழுங்காக வேலை செய்தது.

முதல் அறையில் தூணில் கட்டி அடிக்கப்படும் இயேசு. பக்கத்தில், கொள்ளைநோய்க் காலத்தில் தங்கள் முதுகைத் தாங்களே அடித்துக்கொண்டு தெருவில் போன பக்தர்கள். அடுத்த அறையில் பழைய பிரெஞ்சு அச்சுப்படங்கள்: ஒரு மடம், ஒரு குருவானவர், அவர் கையில் பிரம்பு, பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு சீமாட்டி. அதற்கடுத்தது இலண்டன். நன்றாக உடுத்த பெரிய மனிதர்கள் காசு கொடுத்து அடி வாங்கினார்கள். கடைசி அறை பெர்லினும் பாரிசும். தொடைவரை ஏறும் சப்பாத்து, இறுக்கிக் கட்டிய இடுப்பு, நீளக் கையுறை. சப்பாத்தும் இடுப்பும் கையுறையும் இருந்தன, ஆட்களைத்தான் காணவில்லை.

"காசு குடுத்தே அடி வாங்கினவை?" என்று சிசிலி கேட்டாள்.

"ஓம். ரசீது குடுத்ததோ தெரியேல்லை."

சனம் மூக்கை முட்டிப் பார்ப்பதால் படக் கண்ணாடிகளில் மூக்குத் தடம் படியும். அதைத் துடைப்பது சிசிலியின் வேலை. சப்பாத்துப் படத்தில்தான் தடம் கூடுதல். இயேசுவுக்கு முன்னால் ஒரு தடமும் இருக்காது. அது அவளுக்கு மனவருத்தம். இந்த வேலை பாவமா என்று கோயிலில் ஃபாதரிடம் கேட்டாள். "கண்ணாடியைத்தானே பிள்ளை துடைக்கிறீர், துடையும்," என்றார் அவர்.

ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு அறையில் பேரின்பநாதன் தன் போனில் ஒரு படத்தைச் சிசிலிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். முருகன் கோயில் திருவிழாவில் அவர் எடுத்த செடில் காவடி. முதுகுச் சதையில் கொக்கிகள், கொக்கிகளில் கயிறு, பின்னால் கயிற்றைப் பிடித்தபடி ஒருவர். மனைவிக்கு இருதய ஒப்பரேசன் நடந்தபோது வைத்த நேர்த்திக்கடன் அது. மனைவி பிழைத்தாள். அதனால் வருடா வருடம் முதுகைக் கொடுத்தார்.

கோப்பி குடிக்க வந்த மதாம் லபெர்ஜ் அதைக் கண்டுவிட்டார். கண்காட்சியை அமைத்த பெண்மணி அவர். நல்ல மனுசி, சிசிலிக்கே கதவைத் திறந்து பிடிப்பார். போனை வாங்கிப் பார்த்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கண்காட்சி இலையுதிர் காலத்தில் கியூபெக் நகரத்துக்குப் போகிறது என்றும், அங்கே கடைசியில் ஒரு சுவர் வெறுமையாக இருக்கிறது என்றும் சொன்னார்.

"ஐரோப்பாவிலும் முதலில் கடவுளுக்காகத்தான் முதுகைக் கொடுத்தார்கள். பிறகு வந்தவர்கள் அதைப் பார்த்து வேறொன்றாக வரைந்தார்கள். உங்கள் படம் அந்தச் சுவரில் இருந்தால் கதை சுற்றி வந்து முதல் அறையைத் தொடும்."

பேரின்பநாதன் கோப்பை கழுவிய காலத்துப் பிரெஞ்சில் மறுமொழி சொன்னார்.

"வேண்டாம், மதாம்."

"முகம் தெரியாது. முதுகு மட்டும்தான்."

"முதுகுதான் மதாம் நேர்த்தி வைச்சது."

மதாம் அந்த வசனத்தையும் சுவரில் எழுதலாமா என்று கேட்டார். அதுவும் வேண்டாம் என்றார் பேரின்பநாதன். ஊர்வலம் பொதுத் தெருவில்தானே போகிறது, தானே வந்து படம் எடுத்தால் சட்டப்படி பிழையில்லையே என்று மதாம் மரியாதையாகவே கேட்டார்.

"வாங்கோ. சாப்பாடும் இருக்கு," என்றார் பேரின்பநாதன்.

மதாம் போனதும் சிசிலிக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன விசரே அண்ணை? ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"கோயிலுக்கு வாற ஆளை மறிக்க நான் ஆர்? இஞ்சைதானே நான் காவல்."

"படம் எடுத்துச் சுவரிலை கொழுவினால்?"

அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். "மனிசி மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கேக்கை முருகனுக்கெண்டு குடுத்த முதுகு. குடுத்ததைப் பிறகு அந்தச் சப்பாத்துக்குப் பக்கத்திலை கொழுவ விடுறதே? அப்பிடி நடந்தால் இனி எந்த முதுகோடை நான் அவனுக்கு முன்னாலை போறது?"

சிசிலி அன்று சப்பாத்துப் படத்தைத் துடைக்கவே இல்லை.

திருவிழா அன்று சிசிலி வாழ்க்கையில் முதல்முறையாக முருகன் கோயிலுக்குப் போனாள். செபமாலையைக் கைப்பையில் போட்டு, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். நல்ல வெய்யில். தெருவோரம் தண்ணீர்ப்பந்தல் போட்டு மோர் கொடுத்தார்கள். பந்தலுக்குப் பக்கத்திலேயே, கழுத்தில் பெரிய கமராவோடு மதாம் லபெர்ஜ் நின்றார். மேளச்சத்தம் கிட்ட வந்துகொண்டிருந்தது.

சிசிலி பந்தலுக்குள் புகுந்து, இருந்ததிலேயே பெரிய தட்டத்தை எடுத்து, அது நிறைய மோர்க் கோப்பைகளை அடுக்கினாள். நேரே போய் மதாமின் இரண்டு கையிலும் வைத்தாள்.

"கொஞ்சம் பிடியுங்கோ, மதாம்."

மதாம் பிடித்தார். பிடித்ததும் சனம் வந்துவிட்டது. வெள்ளைக்காரி மோர் கொடுக்கிறாள் என்று பிள்ளைகள் ஓடி வந்தன, கிழவிகள் கன்னத்தைத் தடவினார்கள், ஆரோ ஒரு அம்மா நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். எடுத்தவர்களெல்லாம் மெர்சி மெர்சி என்றார்கள். கோப்பை குறையக் குறையப் பந்தல்காரர் நிரப்பினார்கள். கீழே வைக்க இடமில்லை, ஊற்றிவிடவும் மனமில்லை. அந்த நேரம் பேரின்பநாதன் வந்தார். காவடி தோளில், கண் எங்கோ, முதுகில் கயிறுகள் விண்ணென்று இழுபட ஆடிக்கொண்டு வந்தார்.

"சிசிலி, இதை ஒரு நிமிடம் வாங்கு!" என்றார் மதாம்.

"எனக்குப் பிரெஞ்சு விளங்காது, மதாம்," என்று சிசிலி நல்ல பிரெஞ்சில் சொன்னாள்.

காவடி அவர்களைக் கடந்து மூலை திரும்பியது. அப்போதுதான் தட்டம் வெறுமையானது. மதாம் தட்டத்தைப் பார்த்தார், கமராவைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். ஓடினால் பிடித்திருக்கலாம். ஆனால் முன்னால் தாகத்தோடு ஒரு வரிசை நின்றது. அவர் திரும்பித் தட்டத்தைப் பந்தல்காரரிடம் நீட்டினார், நிரப்பச் சொல்லி.

பொய் சொன்னதைச் சிசிலி ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் ஒப்புக்கொண்டாள். மோரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இலையுதிர் காலத்தில் படங்கள் பெட்டிகளில் ஏறிக் கியூபெக் நகரத்துக்குப் போயின. கடைசிச் சுவருக்கு மதாம் இன்னொரு சப்பாத்துப் படம் கண்டுபிடித்தார். அந்த மாதமே பேரின்பநாதனைப் புரோசார்ட்டிலுள்ள ஒரு கடைத்தொகுதிக்கு மாற்றினார்கள். கடைசி நாள் சிசிலி பஸ் தரிப்புவரை கூடப் போனாள். திருவிழாவைப் பற்றி அவள் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை, அவரும் கேட்டிருக்கவில்லை. பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தபடி அவர் திரும்பினார்.

"மதாமுக்கு அண்டைக்குக் கை நொந்திருக்கும், பாவம். வாற வருசம் சின்னத் தட்டமாப் பாத்துக் குடும், தங்கச்சி."