மீட்டருக்கே பாட்டரி தீர்ந்த கதை

என் தம்பிக்கு எதையும் கடையில் வாங்கிப் பழக்கமில்லை. வாங்கினால் இன்ஜினியருக்குக் கௌரவக் குறைச்சலாம். அப்பாவுக்கு மறதி முற்றி, கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்க ஆரம்பித்தபோது, "கதவுக்கு ஒரு மணி வாங்கிப் போடுடா" என்றேன்.

"மணியா? எந்தக் காலத்துலக்கா இருக்கே!" என்று சிரித்தான்.

கடலுக்கு அக்கரையிலிருக்கும் செபராங் ஜெயாவிலிருந்து ஞாயிறுதோறும் பெர்ரி ஏறி வந்து, சோப்பு டப்பாவுக்குள் ஒரு சர்க்யூட், ஒரு பாட்டரி, நாலு ஒயர் என்று திணித்துக் கதவில் ஒட்டினான். கதவு திறந்தால் எங்கள் கைப்பேசி கத்தும். நல்லதுதான். ஆனால் பாட்டரியில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அது காட்டிய எண் இன்ஜினியர் துரைக்குப் பிடிக்கவில்லை.

அதைத் திருத்துவதிலேயே ஞாயிறுகள் போயின. வோல்டேஜ் அளக்கும் மீட்டரின் முனைகளைப் பாட்டரியில் வைப்பான், மடிக்கணினியைப் பார்ப்பான், எதையோ தட்டுவான். பக்கத்து நாற்காலியில் இருக்கும் அப்பா என்ன கேட்டாலும் "ம்" என்பான். மீட்டர் திரையின் மூலையில் குட்டியாக ஒரு பாட்டரிப் படம் மினுக்கிக்கொண்டே இருந்தது.

"அது என்னடா?"

"அது சும்மா லா, கண்டுக்காதே. பாரு, மீட்டரும் போனும் இப்போ ஒரே நம்பர். பெர்பெக்ட்!"

பெர்பெக்டாம். ஒரு காலை நான் குளித்துவிட்டு வந்தால் நாற்காலி காலி. கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. கைப்பேசியோ, கதவு மூடியிருக்கிறது, பாட்டரி எண்பது சதவீதம் என்று சாதிக்கிறது. ஈரத் தலையோடு சூலியா தெருவில் ஓடினேன். காசு மாற்றும் கடைக்காரர், "அப்பா பெர்ரி பக்கம் போறாருக்கா!" என்று கை காட்டினார். லாரிகள் சீறும் சாலையை எப்படித்தான் கடந்தாரோ, பெர்ரி வரிசையில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார்.

"எங்கப்பா கெளம்பிட்டீங்க?"

"சின்னவனப் பாக்கத்தான். எத்தன நாளாச்சு, ஒரு எட்டு வந்து பாக்கலியே அவன்."

வந்த ஆத்திரத்தில் தம்பியைப் போனில் கிழித்தெடுத்தேன். சாயங்காலம் வந்தான். வந்தவன் அப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டப்பாவைப் பிரித்தான். மீட்டருக்குப் புதுப் பாட்டரி போட்டு அளந்தான். துள்ளினான்.

"அக்கா, கண்டுபிடிச்சிட்டேன்! மீட்டரோட பாட்டரியே வீக் லா. அதான் எல்லாத்தையும் கூடக் காட்டியிருக்கு. அத நம்பி நான் செட் பண்ணதுல, கதவு பாட்டரி காலியானதே தெரியல!"

பாட்டரியை அளக்கிற மீட்டரில் பாட்டரி இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாத இன்ஜினியர்! இதில் கொண்டாட்டம் வேறு. நன்றாக நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஒயர் வேலைக்கு வந்த புள்ள பாவம், ரொம்ப நேரமா குனிஞ்சே இருக்கு. ஒரு டீ போட்டுக் குடும்மா. சின்னவன் வந்ததும் கூலியக் குடுத்துடுவான்."

தம்பி திரும்பவே இல்லை. மீட்டரை மட்டும் மெதுவாக மேசைமேல் வைத்தான். அவனைத் திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் தேவையில்லாமலே போயிற்று.