வடக்குப் பார்த்த அறை

இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து டோர்செட் பார்க்கில் வீடு தேடியபோது எல்லோரும் வெயில் விழும் தெற்குப் பக்கத்தைக் கேட்டார்கள். நான் மட்டும் வடக்குத்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"உது குளிருமப்பா," என்றாள் மனைவி.

அவளுக்கு ஒரு பிரசங்கமே வைத்தேன். ஐரோப்பாவின் பழைய ஓவியர்கள் தங்கள் ஸ்ரூடியோவின் பெரிய யன்னலை வடக்குப் பக்கம்தான் வைத்தார்கள். அங்கே வெயில் நேரே விழாது. காலையில் எதிரே இருப்பவரின் மூக்கோரம் விழுந்த நிழல் பின்னேரமும் அங்கேயே இருக்கும். கேட்டுவிட்டு அவள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். அந்த மனிதர்களுடைய மனைவிமார் எதைப் போட்டுக்கொண்டார்கள் என்று எந்தக் கலை வரலாற்றிலும் நான் படித்ததில்லை. தேடவுமில்லை.

இருபது வருடம் அந்த அறையில் ஊரார் முகமெல்லாம் வரைந்தேன். அவளை வரையவில்லை. வீட்டில்தானே இருக்கிறாள் என்ற மிதப்பு.

போன பனிக்காலத்தில் அவளைப் பார்த்த டொக்ரர், இனி மாதக் கணக்கில்லை, கிழமைக் கணக்குத்தான் என்றார். அன்றைக்கே அவளைக் கதிரையில் இருத்தினேன். எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. நேற்று வரைந்த கன்னம் இன்றைக்கு இல்லை. அழித்து அழித்து வரைந்தேன்.

எதிரே புதிதாக எழும்பிய கொண்டோ அடுக்குமாடிக்கு அந்த நேரம் பார்த்துத்தான் கண்ணாடி பூட்டினார்கள். ஒரு மத்தியானம் வெயில் அதில் பட்டுத் திரும்பி எங்கள் அறைக்குள் விழுந்தது. முகத்தின் நிழல் முழுவதும் கலைந்துபோனது. நான் அந்தக் கட்டடத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் கண்ணை மூடி முகத்தை வெயிலுக்குக் கொடுத்தாள்.

"கதிரையை உள்ளுக்கு எடுப்பம்," என்றேன்.

"வேண்டாமப்பா. நல்ல சூடா இருக்கு. கொஞ்ச நேரம் இப்பிடியே இருக்கிறன்."

"படம் பழுதாப் போயிடும். அசையாமல் இரும்."

"ஓம்," என்றாள்.

கட்டிலில் கிடந்த வெள்ளைப் பெட்ஷீட்டை உருவி யன்னலில் ஆணியடித்தேன். நிழல் பழைய இடத்துக்கு வந்தது. அவள் கைகளைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டாள்.

படம் முடிந்து இரண்டு கிழமையில் அவள் போய்விட்டாள். அவள் உடலைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில் படத்தையும் வைத்தோம். வந்தவர்கள் எல்லோரும், "அச்சொட்டா அவதான்," என்றார்கள். ஒருவர் மட்டும் உதட்டில் ஏன் இந்த நீலம் என்று கேட்டார். வர்ணம் அப்படி அமைந்துவிட்டது என்று சொன்னேன்.

பொய். அவளுக்குக் குளிர்ந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தேன்.