இரண்டு நாட்டுக்கும் கபடி ஆடியவன்

நான் இரண்டு நாடுகளுக்காகக் கபடி ஆடியவன். சிரிக்காதீர்கள். இரண்டு தடவையும் மைக்கில் சொன்னார்கள், ஊரே கேட்டது.

ராமநாதபுரத்தில் எங்கள் அகதி முகாம் பொடியன்கள் திருவிழாப் போட்டிக்குப் போனால், "அடுத்து சிலோன் அணி!" என்பார்கள். நானோ முகாமில் பிறந்தவன், சிலோனைக் கண்ணால் கண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எதையோ கேட்க, ஆமா என்பதற்கு வீட்டுப் பழக்கத்தில் "ஓம்" என்றேன். வகுப்பு முழுக்க "நமச்சிவாய!" என்று கத்தி முடித்தது. மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரப் பிள்ளை நான், அழுதே விட்டேன். அன்றிலிருந்து வீட்டுக்கு வெளியே "ஆமா"தான்.

சிலோனில் சண்டை முடிந்தபின் அப்பா எங்களை மன்னாருக்குக் கூட்டிவந்தார். "இனி எங்கட ஊர், எங்கட சனம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அந்த ஊரில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: ஊர் அணியில் ஓர் இடம். மாதா கோயில் பெருநாளுக்குப் போட்டி வைத்திருந்தார்கள். ஆள் தெரிந்தெடுத்த அன்று ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தேன். அணித் தலைவர் முதுகில் தட்டினார்.

"நல்லா விளையாடுறீர் தம்பி. பெருநாளுக்கு எங்களோட நிப்பீரோ?"

"ஆமாங்க" என்றது என் பாழாய்ப்போன வாய்.

குபீரென்று சிரித்தார்கள். "டேய், இது இந்தியாடா!" அன்று முதல் என் பெயரே அதுதான். தலைவரும் சிரித்துக்கொண்டே, "எங்களுக்கு ஆள் காணும், இனித் தேவையில்லை. அங்கால, இந்தியாவிலயிருந்து வந்த ஆக்கள் தனியா ஒரு அணி போடுறாங்களாம், அதில சேருமன்" என்றார். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை.

பெருநாளன்று மைக் அலறியது: "அடுத்ததாக இந்திய அணி!" எதிரே எங்கள் ஊர். வெட்கமும் ஆத்திரமுமாக ஆடினேன். நான் யாரையாவது தொட்டால் கூட்டம் "ஊ" என்றது. கடைசியில் என்னைக் கூட்டமாக விழுந்து மண்ணோடு அமுக்கினார்கள். ஒரே விசில். மூச்சு முட்டத் தலையைத் திருப்பினால், முன்வரிசையில் அப்பா. அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "என்னை அமுக்கேக்க ஏனப்பா கைதட்டினனீங்கள்?"

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எல்லாரும் தட்டினவை, தம்பி. நான் தட்டாட்டி என்னையும் இந்தியா எண்டு சொல்லுவாங்கள். இனி நான் எங்க போறது?"