ஊர் கேட்ட பிறகு

பெயரையும் ஊரையும் மறைத்துவிட்டுத்தான் விண்ணப்பங்களைப் பார்க்க வேண்டும் என்று அலுவலகத்தில் அடம்பிடித்தவள் நான். வாவியில் பிடிபடும் மீனைக் கணக்கெடுக்கும் மூன்று மாத வேலை. இரண்டு பயிலுனர்கள்; முடிவில் ஒருவருக்கு மட்டும் வரைபட வேலையில் நிரந்தர இடம். விண்ணப்பங்களோடு வந்த மாதிரி வரைபடங்களில் ஒன்று அவ்வளவு சுத்தம். அதற்கே முதலிடம் கொடுத்தேன். யாருடையது என்று எனக்குத் தெரியாது, அதில் எனக்கொரு பெருமை.

முதல் நாள், தேர்வான இரண்டு இளம்பெண்கள் வந்தார்கள். கதிரையில் இருக்கச் சொன்ன கையோடு கேட்டேன்: "எந்த ஊர்?" எங்கள் பக்கத்தில் யாரைக் கண்டாலும் முதலில் வாயில் வருவது அதுதான். ஒருத்தி தன்னாமுனை, மற்றவள் கடலோரத்துக் கதிரவெளி.

"அப்ப நீங்க கடற்கரைப் பிள்ளை. தோணி உங்களுக்கு."

தன்னாமுனைப் பெண்ணுக்குக் கணினியும் வரைபடமும். எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்தது.

நான் பழுகாமம், வயல் சூழ்ந்த ஊர். ஊரைச் சொன்னதும் விளைச்சல் எப்படி என்று கேட்பவர்கள்மேல் பல்கலைக்கழகக் காலம் முழுக்க எனக்கு எரிச்சல். எங்கள் வீட்டுக்கு வயலே இல்லை. அந்த எரிச்சல் அன்று ஏனோ நினைவுக்கு வரவில்லை.

பன்னிரண்டாவது வாரம் நானும் தோணியில் போனேன். காற்று எழும்பியது. கதிரவெளிப் பெண் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"என்ன புள்ள, கதிரவெளியில கடல வித்துப்போட்டியளா?" என்று தோணிக்காரர் சிரித்தார்.

"எனக்கு நீந்தத் தெரியாது, மாமா."

நான் திரும்பிப் பார்த்தேன். "அப்பா கடலுக்குப் போறல்லயா?"

"அப்பா தபால் கந்தோரில, அக்கா. நான் படிச்சது வரைபடம். விண்ணப்பத்தோட ஒண்டு அனுப்பினனே, வாவிக்கரைக் கண்டல் மரமெல்லாம் போட்டு."

நான் முதலிடம் கொடுத்த வரைபடம்.

"ஏன் முதலே சொல்லல்ல?"

"நீங்க ஊரைத்தான் கேட்டீங்க."

மதிப்பீட்டுப் படிவத்தில் 'கணினிப் பயிற்சி' என்ற கட்டம் அவளுக்கு வெறுமையாகக் கிடந்தது. வெறுமையாக வைத்தவள் நான். அதை அப்படியே எழுதி, அவள் கணினியில் பழக இன்னும் இரண்டு வாரம் தரச்சொல்லி மேலாளரிடம் கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தங்கச்சி, நீங்க எழுதினது உண்மைதான். ஆனா வெள்ளிக்கிழமை பேர் அனுப்பவேணும். வரைபட வேலைக்கு அதில பழகின ஆளைத்தானே போடலாம்."

இடம் தன்னாமுனைப் பெண்ணுக்குப் போனது. அவள் நன்றாகத்தான் செய்கிறாள். அவள்மேல் ஒரு குறையும் இல்லை.

கடைசி நாள் கதிரவெளிப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பையைத் தோளில் மாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல அக்கா. இனி ஆரும் ஊரைக் கேட்டா, தோணி வலிக்கத் தெரியும் எண்டு சொல்லலாம்தானே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வாழைச்சேனை பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனாள்.