சூளைக்கு மணி கட்டிய கதை

போன செவ்வாய்க்கிழமை என் மனைவியின் பீங்கான் பொம்மைப் பட்டறையில், நன்றாகச் சூடேறிக்கொண்டிருந்த எலெக்ட்ரிக் சூளை திடீரென்று ஜீரோ டிகிரிக்கு இறங்கியது. உண்மையில் சூளை இறங்கவில்லை... சூட்டை அளக்க நான் புரோகிராம் எழுதிய டப்பா அப்படிச் சொன்னது.

253, 254, 255... அடுத்தது 0!

சூளையைப் பார்த்துக்கொள்ளும் கொளஞ்சி என் முகத்தைப் பார்த்தார். சிரித்திருந்தால்கூடத் தேவலை. சிரிக்கவில்லை.

எப்படிச் சிரிப்பார்? வெள்ளிக்கிழமை மதியம் ஸ்ரீமுஷ்ணத்தில் அவர் மகளின் ஸ்கூல் ஆண்டு விழா. அவள் நடனம் ஆடுகிறாள். அன்றைக்குத்தான் பெரிய ஆர்டருக்கான பொம்மைகளைச் சூளையில் சுடும் லோடும். 1200 டிகிரி வந்ததும் சூளையை அணைக்க வேண்டும், தவறினால் பொம்மைகள் உருகிச் சாய்ந்துவிடும். அதனால் மீட்டருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். போன வருஷ நடனத்தை அவர் பார்க்கவில்லை. "டப்பாவே சூளையை அணைச்சு மணி அடிச்சிடும், நீங்க போங்க" என்று நான்தான் வாயை விட்டிருந்தேன்.

நாற்பத்தேழு வயதில் 'சி' என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படிக்க ஆரம்பித்தவன் நான். ஒரு எல்.இ.டி. பல்பை விட்டு விட்டு எரிய வைக்கவே பதினோரு நாள் ஆனது. ஒரு செமிகோலன் விட்டுப்போனால் ஏழெட்டு எரர் வரும். அதற்காக விட்டுவிட முடியுமா?

புத்தகத்தைப் புரட்டியதில் குற்றவாளி சிக்கினான் — என் கஞ்சத்தனம்! டப்பாவுக்குள் இருக்கும் சிப்பில் மெமரி குறைவு என்று படித்ததால், டிகிரியை வைக்க இருப்பதிலேயே சின்ன இடமாகக் கொடுத்திருந்தேன். அதில் 255 வரைதான் கொள்ளும். தாண்டினால் மறுபடி பூஜ்யம்.

ஒரே ஒரு வார்த்தையை மாற்றி, பெரிய இடம் கொடுத்தேன். புதன்கிழமை காலிச் சூளையை ஓட்டினோம். 256 வந்தபோது கொளஞ்சி ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார். 1200-ல் சூளை அணைந்தது, மணி அடித்தது.

வெள்ளிக்கிழமை, "போயிட்டு வரேன் சார். மணி அடிக்குங்களா?" என்றார்.

"அடிக்கும், போங்க."

அவர் பஸ் ஏறியதும் நான் என்ன செய்தேன்? அதே ஸ்டூலில் உட்கார்ந்து, மீட்டரையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தேன்... மணி அடிக்கும் வரை! அடித்தது. ஒரு பொம்மைகூடச் சாயவில்லை.

சாயங்காலம் கொளஞ்சி வந்தார். "பாப்பா என்னப் பாத்துட்டு ஸ்டெப்ப மறந்துட்டா சார். அப்பறம் சிரிச்சிக்கினே ஆடுனா."



"நீங்களே உக்காந்து பாக்கணும்னா டப்பா எதுக்குங்க?" என்றாள், நான் ஸ்டூலில் காவல் இருந்ததைப் பார்த்திருந்த மனைவி. நியாயமான கேள்விதான். புரோகிராமைத் திருத்த ஒரு வார்த்தை போதும்... எழுதியவனைத் திருத்த?

அடுத்த லோடு திங்கட்கிழமை. ஸ்டூலை இன்றைக்கே கொளஞ்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்!