நாலாவது ராணிக்கு நான் எழுதிய சொல்

அக்கா ரொறன்ரோவில் கணவனை விட்டுவிட்டு, ஒரு சூட்கேசோடு மொன்றியல் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு பேஸ்மென்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குச் சண்டை. சண்டை பிடிக்க லவாலில் இருந்து பெரியம்மா வருவார். அம்மாவின் தமக்கை. அக்காவின் கல்யாணத்தைப் பேசி முடித்தவர் அவர்தான் என்பதால், அது முறிந்தால் தன் மூக்கே முறிந்த மாதிரி அவருக்கு. மெட்ரோ ஏறமாட்டார், நான்தான் போய் ஏற்றிவர வேண்டும். எதிரியைச் சொந்தப் பெற்றோலில் கூட்டிவந்து சண்டை பிடிக்கும் குடும்பம் மொன்றியலில் எங்களுடையது ஒன்றுதான்.

"அவன் குடிக்கிறானே? இல்லை. அடிக்கிறானே? இல்லை. பேந்தென்ன குறை உனக்கு?" என்பார் பெரியம்மா.

"என்னோட ஒரு சொல்லுக் கதைக்கிறேல்லை, பெரியம்மா. சாப்பாட்டை வைச்சால் சாப்பிடும். ரீவி போட்டால் பாக்கும்."

"ஆம்பிளையள் எங்கயடி கதைக்கிறவை?"

"நான் கதைக்கிறன்தானே" என்று நான் நடுவில் செருகுவேன். உடனே இருவரும் சேர்ந்து என்னைத் திட்டுவார்கள். அந்த வீட்டில் ஒற்றுமை வந்தது அப்படித்தான்.

போகும்போது பெரியம்மா பூட்ஸைக் கொழுவியபடி கடைசிக் குண்டைப் போடுவார். "வாழாவெட்டியா இருந்து கிழவியாகப் போறாய். சொல்லிப்போட்டன்."

அக்கா சரித்திரம் படித்தவள். இப்போது கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கிறாள். டியூடர் ராணிகள் என்றால் அவளுக்கு விசர். ஐந்நூறு வருடத்துக்கு முந்தி இங்கிலாந்தில் ஆறு கல்யாணம் கட்டிய ஒரு ராசா இருந்தான். இரண்டு பேரைத் தள்ளி வைத்தான், இரண்டு பேரின் கழுத்தை வெட்டுவித்தான், ஒருத்தி பிள்ளை பெற்றுச் செத்தாள், ஒருத்தி அவன் சாகும்வரை தாக்குப் பிடித்தாள். எங்கள் ஆட்கள் இதையெல்லாம் தொடராகப் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரியின் கதை மாதிரிப் பேசிக்கொள்வார்கள்.

அக்காவும் அத்தானும் கல்யாணம் முடிந்த கையோடு லண்டன் போனார்கள். ராணியின் தலை போன கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டாள். அத்தான் அங்கே இருந்த தன் மாமி வீட்டில் கிரிக்கெட் பார்த்தார். அவள் தனியாகப் போய், ராசாவைச் சுற்றி ஆறு ராணிகளின் படம் போட்ட கோப்பை ஒன்றோடு திரும்பினாள். சுடுதேத்தண்ணி ஊற்றினால் ராணிகள் மறைந்துவிடுவார்கள், ராசா மட்டும் நிற்பான். இப்படியா அந்தப் பெண்களை விற்பது என்று அவளுக்கு ஆத்திரம். ஆத்திரத்தோடு காசு கொடுத்து வாங்கியும் இருக்கிறாள். நான் தினமும் அதில்தான் தேத்தண்ணி குடித்தேன். "அக்கா, இண்டைக்கும் ஆறு பேரையும் முடிச்சிட்டன்" என்று மேலிருந்து கத்துவேன். கீழேயிருந்து கெட்ட வார்த்தை வரும்.

அந்த வசந்தத்தில் எங்கள் தமிழ் வாசகர் வட்டம் அவளைப் பேசக் கூப்பிட்டது. தலைப்பு: டியூடர் ராணிகள் இன்று. படங்களுக்குக் கீழே தமிழில் எழுதும் வேலை எனக்கு வந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை போய், அதன்பிறகு ஹொக்கி விளையாட ஓடிய பண்டிதன் நான். அக்கா ஆங்கிலத்தில் குறித்துத் தந்தாள். தலை போன ராணிகளுக்குக் கீழே 'வெட்டு' என்று போட்டேன். கணவன் தள்ளிவைத்தவளுக்குத் தமிழில் என்ன? எனக்குத் தெரிந்தது ஒரே சொல். எங்கள் வீட்டில் அதைவிட வேறு சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அழகான, நீளமான சொல். பெரிய எழுத்தில் போட்டேன்.

கூட்டத்தில் முதல் மூன்று ராணிகளையும் அவள் படமே இல்லாமல் பேசி முடித்தாள். நான் கொண்டுபோன வயர் வேறு எதற்கோ உரியது. யாரோ வேறு வயர் தேடித் தந்தபோது நாலாவது ராணி திரையில் வந்தாள். கீழே, நான்கு அடி நீளத்தில்: வாழாவெட்டி.

பின்வரிசையில் ஒருவர் சிரித்து, சிரிப்பை இருமலாக்கினார். தமிழ்நாட்டுப் பேராசிரியை ஒருவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, அது திட்டுற வார்த்தையாச்சே?"

"திட்டே? பெரியம்மா ஒவ்வொரு கிழமையும் அக்காவைச் சொல்லுறவ. நான் அதுதான் தமிழெண்டு நினைச்சன்" என்றேன்.

உண்மையாகவே நினைத்திருந்தேன். ஆனால் நானே ஏற்றிவந்து முன்வரிசையில் இருத்திய பெரியம்மாவின் கழுத்து சிவந்ததைக் கண்டபிறகு, சத்தமாகச் சொன்னதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பெரியம்மா எழும்பினார். "ஓம், சொன்னனான்தான். அதிலென்ன பிழை? புருசனை விட்டிட்டு வந்தவளை வேற என்னெண்டு சொல்லுறது?"

அக்கா திரையை நிமிர்ந்து பார்த்தாள். என்னைக் கொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இருங்கோ பெரியம்மா. இவவின்ர கதையைச் சொல்லுறன்" என்றாள். "அந்தக் காலத்திலயும் போட்டோ மாத்தித்தான் கல்யாணம். இவவைக் கீறி அனுப்பின படத்தைப் பாத்து ராசா ஓம் எண்டவன். நேர பாத்தோன்ன வேண்டாம் எண்டிட்டான்."

"அத்தானும் தலைமயிரோட எடுத்த படம்தானே அனுப்பினவர்" என்றேன். சபை சிரித்தது.

"நீ வாயை மூடு. ஆறு மாசம்தான் பெண்சாதியா இருந்தவ. தள்ளி வைக்கப்போறன் எண்டான், சரி எண்டிட்டா. அரண்மனை வாங்கினா. விருப்பமானதைச் சாப்பிட்டு, சீட்டு விளையாடி இருந்தா. ராசா செத்தான், மற்ற ராணியள் எல்லாரும் செத்திச்சினம். கடைசியாப் போனது இவதான். ஆறு பேரிலயும் ஒழுங்கா வாழ்ந்தது இவதான்."

"அவவுக்கு அரண்மனை குடுத்தவன். உனக்கு உன்ர அம்மான்ர பேஸ்மென்ட்!" என்றார் பெரியம்மா.

"எனக்கும் வேண்டியதை வக்கீல் கேப்பார். வெள்ளிக்கிழமை போய்க் கண்டனான்."

எங்களுக்கே அப்போதுதான் தெரியும். வாசகர் வட்டத்துக்கும் எங்களோடு சேர்த்தே தெரிந்தது. கூட்டம் முடிந்து வடையை வாயில் வைத்த ஒருவரும் ராணிகளைப் பற்றிப் பேசவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பெரியம்மாவை லவாலில் இறக்க வேண்டியது நான்தான். அக்கா என் பக்கத்துச் சீட்டில். பெரியம்மா பின்சீட்டில் கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி ஒரு சொல் பேசாமல் வந்தார். அவர் பேசாமல் இருந்தால் அதில் ஏதோ இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் வீட்டு வாசலில், ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோவின் இலக்கத்தகட்டோடு ஒரு கார் நின்றது. படியில் அத்தான், பெரியப்பாவின் வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு.

"இறங்கு பிள்ளை. உள்ள இருந்து கதையுங்கோ" என்றார் பெரியம்மா. குரல் திடீரென்று தேனாகியிருந்தது.

அக்கா இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினாள். அத்தான் வந்து குனிந்தார்.

"என்ன, வாறியே?"

"நல்லாக் கதைக்கிறார், அக்கா" என்றேன். தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"வரேல்லை" என்றாள் அவரிடம். "வக்கீலின்ர பேப்பர் வரும். கையெழுத்து வையுங்கோ."

"சனம் என்ன சொல்லும்?"

"என்ன சொல்லும் எண்டு இவன் பெரிய எழுத்தில போட்டு எல்லாருக்கும் காட்டிப்போட்டான். இனிப் புதுசாச் சொல்ல ஒண்டுமில்லை."

பெரியம்மா இறங்கிக் கதவை அடித்த அடியில் என் பழைய கார் ஆடியது. "இனி உங்கட வீட்டுப் படி மிதிக்கமாட்டன்!"

"அப்ப ஞாயிற்றுக்கிழமை கார் வேண்டாமே?"

"போடா நாயே!"

காரை எடுத்தேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நான் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பெரியம்மா கையை ஆட்டி ஆட்டி அத்தானிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அத்தான் பதில் சொல்லாமல் நின்றார்.